விழுங்கிய வினைமுற்று

வங்கியின் வருடாந்த மதிப்பீட்டுப் படிவத்தில் ‘தொடர்பாடல்’ என்ற கட்டத்துக்கு நேரே எனக்கு ஐந்துக்கு இரண்டரை போட்டிருந்தார்கள். கீழே ஒரு குறிப்பு: வேலையில் கெட்டிக்காரி, குரலில்தான் தன்னம்பிக்கை போதாது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் மனதுக்குள் தமிழில் வாசித்தேன், அதனாலோ என்னவோ கொஞ்சம் கூடுதலாகவே சுட்டது. அன்று பின்னேரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் டிக்கோயா பஸ்ஸுக்கு நிற்கும்போது தேயிலைத் தோட்டத்தில் அம்மாவின் வேலை நாளைப் பதிகிற செக்ரோல்தான் ஞாபகத்துக்கு வந்தது. விடிந்ததிலிருந்து மலையில் நின்று, மழையில் நனைந்து, அட்டைக்கு ரத்தம் கொடுத்து, நிறுவையில் இரண்டு கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். “இன்னைக்கு அரைப்பேரு தான் விழுந்துச்சு” என்று அம்மா சொல்லும்போது, யாரோ அவருடைய பெயரை நடுவில் வெட்டிப் பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டதாகவே சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். ஐந்துக்கு இரண்டரை என்றால் எனக்கும் அரைப்பேர்தான்.

கோபப்பட்டு என்ன, அந்தக் குறிப்பில் பொய் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கண்டியில் பிராந்தியக் கூட்டம் நடக்கும். மேசையைச் சுற்றி இருபத்தைந்து பேர் இருந்தால் பெண்கள் ஆறு அல்லது ஏழு, தமிழ் பேசுகிறவர்கள் என்னையும் சேர்த்து மூன்று. எங்கள் கிளையின் அடகுக் கணக்கு என் பொறுப்பு என்பதால் நான் பேசியே ஆகவேண்டும். பேசுவேன். “ஆயெத் கியன்ன, மிஸ்” என்பார் மேசைத் தலையில் இருக்கிறவர். திரும்பச் சொல்லுங்கள் என்று. சொல்வேன். மறுபடி “ஆயெத் கியன்ன”. மூன்றாவது தடவை நான் வாய் திறக்கும் முன் பக்கத்துக் கிளைக்காரர் நான் சொன்னதையே ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். கூட்டக் குறிப்பில் அது அவர் பெயரில் ஏறும். ஒரு வருடம் முழுக்க அந்த மனிதர் மேல் எனக்குக் காய்ச்சல் இருந்தது.

மொழிப் பிரச்சினை என்று சொல்லித் தப்பிக்கவும் பார்த்தேன். 1956 இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது, 1987 இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் தமிழும் ஆட்சிமொழி என்று வந்தது என்பதெல்லாம் இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு கூட்டம் எந்த மொழியில் நடக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் வந்து தீர்மானிப்பதில்லை, மேசைத் தலையில் இருக்கிறவருக்கு எது வாய்க்கு வருகிறதோ அதில்தான் நடக்கும். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். டிக்கோயா பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை பிடிக்கிற அளவுக்கு வரும். அந்தச் சண்டையில் யாரும் என்னிடம் ஆயெத் கியன்ன என்று கேட்டதில்லை. ஆக, மொழி இல்லை. வேறு ஏதோ ஒன்று.

சரி, பயிற்சிக்கு அனுப்பினார்கள். கண்டியில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள், பகல் சாப்பாடு பஃபே. கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் நல்ல மனுஷி, நன்றாகச் சிரித்தார். முக்கியமான கூட்டத்துக்கு முன் பாத்ரூமுக்குப் போய் இரண்டு நிமிடம் இடுப்பில் கை வைத்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்கவேண்டும், உடம்பு தைரியமானால் மனமும் தைரியமாகும் என்றார். நான் சொன்னதைச் செய்கிறவள். எங்கள் கிளையின் பாத்ரூமில் இடுப்பில் கை வைத்து நின்றால் இரண்டு முழங்கையும் இரண்டு பக்கச் சுவரிலும் இடிக்கும். அந்த யோசனை 2010 இல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறிய ஆய்விலிருந்து பிறந்தது என்பதும், 2015 இல் கூடுதல் ஆட்களை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோனில் ஒரு மாற்றமும் கிடைக்கவில்லை என்பதும், 2016 இல் அந்த ஆய்வை எழுதியவர்களில் முதன்மையானவரே எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். நாங்கள் கண்டியில் வரிசையாக இடுப்பில் கை வைத்து நின்றது அதற்கும் பல வருடம் கழித்து.

எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசு என்றும் சொன்னார்கள். தொரையின் கண்ணைப் பார்த்தால் திமிர் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு அது இரண்டு நாளில் வருமா? புருவத்துக்கு நடுவே பாருங்கள் என்று ஒரு குறுக்கு வழி கற்றுத் தந்தார்கள். அடுத்த கூட்டத்தில் மனேஜரின் புருவத்துக்கு நடுவே பார்த்துக்கொண்டே பேசினேன். அங்கே ஒரு சின்ன மரு இருக்கிறது. அதற்கு மேல் கூட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும்: பேசப்போகும் முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று அவர் சொன்னது இன்றைக்கும் உதவுகிறது. என் கஷ்டம் முதல் வாக்கியத்தில் இல்லை என்பது வேறு கதை.

லயத்துச் சத்தம்

எனக்குப் பிறவியிலேயே மெல்லிய குரல் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பீலிக்கரைக்கு ஒரு தடவை வந்திருக்கவேண்டும். காலை ஐந்தரைக்கு இருபது குடமும் ஒரு பீலியும். அங்கே மெதுவாகப் பேசினால் தண்ணீர் கிடைக்காது. தோட்டத்து வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். மேட்டு லயத்திலிருந்து பணிய லயத்துக்குச் சேதி சொல்வதென்றால் யாரும் நடந்து போகமாட்டார்கள், வாசலில் நின்று கூப்பிடுவார்கள். இந்த மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் பள்ளத்தைத் தாண்டி அந்த மலையில் எடுக்கிறவர்களோடு கதைப்பார்கள். மூடுபனியில் ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். எட்டு ஒன்பது வயதில் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி “தம்பி அழுவுறான், வா” என்று நான் கூப்பிட்டிருக்கிறேன். அம்மா வந்திருக்கிறார்.

ஆறாம் வகுப்புக்கு டவுன் பாடசாலைக்குப் போனேன். தோட்டப் பாடசாலையிலிருந்து அந்த வருடம் போனவர்கள் இரண்டே பேர். முதல் கிழமையிலேயே வகுப்பு டீச்சர், “லயத்துச் சத்தத்த லயத்துலயே வெச்சிட்டு வரணும்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவரும் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர்தான், வெளியே காட்டிக்கொள்ளமாட்டார். டவுன் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் குரலை நானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். குரல் குறையக் குறைய, “பாத்தா தோட்டத்துப் புள்ள மாதிரியே இல்ல” என்ற பாராட்டு கூடிக்கொண்டே வந்தது. ஏ.எல். உயர்தரப் பரீட்சை எடுக்கும்போது அந்தப் பாராட்டு எனக்குப் பழகியே போயிருந்தது. வங்கிப் பரீட்சை எழுதி, நேர்முகத்தில் அடக்கமாகப் பதில் சொல்லி, பயிலுநராகச் சேர்ந்து, அந்தக் குரலோடுதான் இவ்வளவு தூரம் வந்தேன். பிறகு அதே குரலுக்குத்தான் ஐந்துக்கு இரண்டரை போட்டார்கள். எந்தத் திறமைக்காக உள்ளே எடுத்தார்களோ அதையே குறையென்று எழுதினால் ஆள் என்ன செய்யும்?

எட்டாம் தேதிக்குப் பிறகு

இனிச் சொல்லப்போவதைத்தான் எழுதாமல் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

2022 எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஏப்ரலில் நாடு கடன் கட்டமுடியாது என்று கைவிரித்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனது. முந்தின வருடம்தான் போராடி வாங்கிய ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் ரொட்டி மாவுக்கே போதாமல் போனது. அடகுக் கவுண்டருக்கு அதுவரை வராதவர்களெல்லாம் வந்தார்கள். தாலிக்கொடி, மூக்குத்தி, குழந்தைக்குக் காது குத்தியபோது போட்ட பொட்டுத் தங்கம் எல்லாம் வந்தது. அப்போது வைத்தவற்றுக்கு அடுத்த வருடம் தவணை முடிய ஆரம்பித்தது.

2023 ஆகஸ்ட் முதல் கிழமை. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து இருநூறு வருடமானதை நினைவுகூரும் மலையகம் 200 நடைபயணம் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையை நோக்கி வந்துகொண்டிருந்த நாட்கள். தினமும் காலையில் பஸ்ஸிலேயே அந்தப் படங்களைப் பார்த்து, பகிர்ந்து, கண் கலங்கி, அப்புறம் கவுண்டருக்கு வந்து உட்காருவேன். அப்படி ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு அம்மா வந்தார். மழையில் நனைந்த சால்வை, சீலைத் தலைப்பில் முடிந்த ஒரு பொலித்தீன் பை, அதற்குள் நாலாக மடித்த, ஏலத்துக்கு முன் நாங்கள் அனுப்புகிற கடைசி அறிவித்தல். தோட்டத்துக்கு வருகிற கடிதம் எப்படி வந்து சேரும் என்று தெரியும்தானே. ஒபீசுக்கு வரும், அங்கே கிடக்கும், யாராவது அந்தப் பக்கம் போனால் கொண்டுவருவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கூப்பிடுகிற அதே குரலில், “ஏ புள்ள! நம்ம மேட்டு லயத்துப் புள்ளதானே நீ?” என்றார்.

பேங்க் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. டை கட்டிய வாடிக்கையாளர் ஒருவர் சிரித்தார். மனேஜரின் கதவு திறந்துதான் இருந்தது. என் முகம் சூடானதை இப்போதும் உணர்கிறேன். “அம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இது பேங்க்” என்றேன். அவர் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரல்கள், ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரு கறுப்புக் கோடு. பொத்திய கையை எடுத்தபோது குரல் பாதியாகியிருந்தது. வட்டியை மட்டும் கட்டித் தோட்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாமா, சம்பளம் பத்தாம் தேதிதான் வரும் என்று கேட்டார். நான் சொன்ன பதில் இது: “எட்டாம் தேதிக்குப் பிறகு வட்டி மட்டும் கட்டி நீடிக்க முடியாது.” அவர் தலையாட்டினார். அறிவித்தலைத் திரும்ப நாலாக மடித்துப் பையில் போட்டு முடிந்துகொண்டு போனார்.

ஒன்பதாம் தேதி ஏலம் நடந்தது. பதினோராம் தேதி காலையில் முதல் டோக்கனை எடுத்துக்கொண்டு அவர் வந்தார். வட்டிக் காசை எண்ணிக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினார். நான் இலக்கத்தைத் தட்டித் திரையைப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன்.

“அம்மா, இது ஏலத்துக்குப் போயிருச்சு.”

“என்னா?”

“ஏலம் போட்டாச்சு. எட்டாம் தேதியோட முடிஞ்சிருச்சே.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “எட்டாந் தேதிக்குப் பொறகு முடியும்னு நீதானே புள்ள சொன்ன” என்றார்.

“முடியாதுன்னு தான் அம்மா சொன்னேன்.”

“கடைசி வார்த்த கேக்கலயே. திரும்பக் கேப்பம்னு தான் நெனச்சேன். நீதான் சத்தம் போடாதன்னியே.”

கடனும் வட்டியும் செலவும் போக மிச்சக் காசு அவருக்குத் திரும்பக் கிடைத்தது. விதிப்படி எல்லாம் சரி. நான் சொன்னதும் சரி. அறிவித்தல் அனுப்பியதற்குப் பதிவேடு இருக்கிறது. கேமராவில் நான் பேசுவதும் அவர் தலையாட்டுவதும் தெரியும், கேமராவில் சத்தம் பதிவாகாது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாள் நடைபயணம் மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தது. படங்கள் வந்தன. நான் எதையும் பகிரவில்லை.

அந்தக் கிழமை முடிவதற்குள் போனில் என் குரலைப் பதிவு செய்து கேட்டேன். ஒரு வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரி, பிறகு கூட்டத்தில் சொல்கிற மாதிரி, எல்லாம் சேர்த்து நாலு நிமிடம். சும்மா சொல்லவில்லை, தலை சுற்றிவிட்டது. ஒவ்வொரு வாக்கியமும் நன்றாகத்தான் தொடங்குகிறது. நடுவில் தெளிவாகப் போகிறது. கடைசி வார்த்தைக்கு வரும்போது காற்று மட்டும் இருக்கிறது. இதைத்தான் தன்னம்பிக்கை இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது தன்னம்பிக்கைப் பிரச்சினையாகப் படவில்லை, இலக்கணமாகப் பட்டது. பாடசாலையில் படித்த வினைமுற்று. நான் அதை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள், தமிழில் எல்லாம் கடைசியில்தான் இருக்கிறது. கொடுத்தாரா, கொடுக்கவில்லையா, கொடுப்பாரா, கொடுக்கமாட்டாரா என்று கடைசிச் சொல் வரும்வரை கேட்கிறவருக்குத் தெரியாது. முடியும், முடியாது இரண்டுக்கும் முன்பாதி ஒன்று. சிங்களத்திலும் ‘புளுவன்’ (முடியும்), ‘பே’ (முடியாது) இரண்டும் வாக்கியத்தின் வாலில்தான் வரும். ஆங்கிலத்தில் முடியும், முடியாது நடுவிலேயே வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதிய பயிற்சிப் புத்தகம் முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய் என்று சொல்வதில் ஆச்சரியமில்லை. அவர்களுக்கு வால் தேய்ந்தாலும் பெரிய நட்டமில்லை. எங்களுக்கு வால்தான் சரக்கே.

ஏன் விழுங்கினேன் என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. ஆய்வு ஒன்றும் இல்லை, பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். தோட்டத்தில் ஒபீசுக்குப் போய்க் கேட்கிற தமிழ் ஒன்று உண்டு. “கூரை ஒழுகுதுங்க தொர, ரெண்டு தகரம் மட்டும் பாத்து குடுத்தீங்கன்னா...” அவ்வளவுதான். அதற்கு மேல் வாக்கியம் இல்லை. “நாளைக்கு ஒரு லீவு, புள்ளைக்குக் காச்சல், அதான் ஐயாகிட்ட...” அங்கேயே நிற்கும். வாக்கியத்தை முடிக்கிற உரிமை மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருடையது. பாதியில் விட்டால் பணிவு, முடித்துவிட்டால் திமிர். பீலிக்கரையில் “கொடத்த எடு!” என்று முற்றுப்புள்ளி வைத்துப் பேசுகிற அம்மா, அரை மணி நேரத்தில், வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக்களத்தில் முற்றுப்புள்ளியே இல்லாமல் பேசுவார். அம்மாவை நான் வீராங்கனையாக்கப் போவதில்லை. எங்கே எந்தக் குரல் செல்லும் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். டவுன் பாடசாலை என்னிடமிருந்து பீலிக்கரைச் சத்தத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டது. ஒபீஸ் தமிழை அப்படியே விட்டுவிட்டது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்த பிறகும், முடிவைச் சொல்லவேண்டிய ஆளே நானாக இருந்தும், அதே பாதி வாக்கியத்தைப் பேசிக்கொண்டிருந்தேன்.

மலையகப் பெண் நாலு பேர் முன் வாய் திறப்பது புதிசு என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. 1930களிலும் 40களிலும் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய், கூட்டங்களில் பாட்டுப் பாடி ஆட்களைச் சேர்த்தவர் மீனாட்சியம்மாள். பாட்டில் ஒரு வசதி இருக்கிறது, கடைசி அடியை விழுங்கமுடியாது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு வந்தபோது எங்கள் பக்கத்திலும் பல பெண்கள் சபைகளுக்குப் போனார்கள். 2024 நவம்பரில் நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்கே போய்விட்டார்கள். அவர்கள் பேசுவதை டிவியில் பார்க்கும்போது என் காது தானாகவே வாக்கியத்தின் கடைசிக்குப் போய் நிற்கிறது. தொழில் வியாதி.

“விளங்கிச்சா?”

சத்தமாகப் பேசிப் பழகினேன் என்று சொன்னால் பொய். சத்தம் எனக்குத் திரும்ப வரவில்லை. கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டேன். டிக்கோயா பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து உதட்டுக்குள்ளேயே “முடியாது, கிடைக்காது, வரும், வராது” என்று சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர்கள் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம். அப்புறம் வாக்கியத்தைத் திருப்பிப் போடப் பழகினேன். “முடியாது அம்மா. எட்டாம் தேதிக்கு முன்னாடி வாங்க.” முதலில் முடிவு, காரணம் பிறகு. தமிழ் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை.

இன்னொன்றைக் கற்றுத்தந்தது என்னோடு ஏ.எல். படித்த சிநேகிதி. அவள் குடும்பநல உத்தியோகத்தர், லயம் லயமாக ஏறி இறங்குகிறவள். ஒரு நாள் கர்ப்பிணிப் பெண்ணொருத்திக்கு இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிட்டு, “விளங்கிச்சா” என்று கேட்காமல், “சரி, இப்ப நீ சொல்லு, எப்பப் போடுவ? டீயோட போடுவியா?” என்று கேட்டாள். அந்தப் பெண் “டீயோட தான்” என்றாள். முதலில் இருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லவேண்டி வந்தது. “விளங்கிச்சான்னு கேட்டா எல்லாரும் ஆமான்னு தான்டி சொல்லுவாங்க, நீயும் நானும் மேத்ஸ் வகுப்புல சொல்லல?” என்றாள். இப்போது நானும் “எந்தத் தேதிக்கு எவ்வளவு கொண்டு வருவீங்க, ஒருக்கா சொல்லுங்க அம்மா” என்றுதான் கேட்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம் கூடுதலாகப் போகிறது. வரிசை நீள்கிறது, சில நாள் முணுமுணுப்பும் கேட்கிறது. போகட்டும்.

கூட்டத்துக்கான சிங்களத்தைத் திருத்தித் தந்தவர் எங்கள் காசுக் கவுண்டரில் இருக்கிற சிங்கள அக்கா. “வெரதுணாட்ட கமக் நே” என்பார், பிழைத்தாலும் பரவாயில்லை என்று. பிழைத்தாலும் பரவாயில்லை, முடித்துவிடு. வால் தேயாமல் சொன்ன பிழையான வாக்கியம், காற்றில் கரைந்துபோன சரியான வாக்கியத்தைவிட மேல் என்பது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு அது முப்பது வயது தாண்டித்தான் தெரிந்தது. “தப்பா இருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க சேர், சும்மா ஒரு யோசனைதான்” என்று தொடங்குவதையும் விட்டேன். அதை விட்டதும் நான் சொல்வதற்கு ஐந்து வினாடி மிச்சமானது.

இதற்கெல்லாம் விலை இல்லாமல் இல்லை. “மிஸ்ஸுக்கு இப்ப வாய் நீண்டுருச்சு” என்று சாப்பாட்டு அறையில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆணுக்குப் பேச்சாளர், பெண்ணுக்கு வாய்க்காரி. வீட்டில் கணவரும் ஒரு நாள், “ஏன் எல்லாத்தையும் மீட்டிங்ல சொல்ற மாதிரி சொல்ற?” என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மீன் குழம்புக்கு உப்புக் காணாது என்பதை அவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

கடைசியாக நடந்த பிராந்தியக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைத்தேன். தோட்ட முகவரிக்கு அனுப்புகிற அறிவித்தல் நேரத்துக்குப் போவதில்லை. ஏலத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் தமிழில் ஒரு போன், ஏலத் தேதி சம்பள நாளுக்குப் பிறகு வருகிற மாதிரி ஒரு சின்ன மாற்றம், இவ்வளவுதான். எங்கள் கிளையில் முந்தின வருடம் ஏலத்துக்குப் போனவற்றில் எத்தனை தோட்ட முகவரி என்று எண்ணி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த எண்ணிக்கையைத்தான் முதலில் சொன்னேன். பக்கத்துக் கிளைக்காரர் வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கொண்டார். மேசைத் தலையில் இருந்தவர் பேனாவை உருட்டிக்கொண்டே ஏதோ சொன்னார். செலவு, ஆள் பற்றாக்குறை, தலைமையகம் என்று நன்றாகக் கேட்டது. கடைசியில் சொன்னது மட்டும் மீசைக்குள் போய்விட்டது.

“ஆயெத் கியன்ன, சேர்” என்றேன்.

மேசையில் ஒரு வினாடி யாரும் அசையவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். “பலமு” என்றார். பார்ப்போம். குறிப்பில் அப்படியே எழுதச் சொன்னேன், தேதியும் போடச் சொன்னேன். இதை எழுதுகிற இன்றைக்குவரை பார்த்து முடிக்கவில்லை. எங்கள் கிளையில் மட்டும் போன் எடுப்பதை நாங்களே தொடங்கியிருக்கிறோம். பின்னேரம் வேலை முடிந்த பிறகு, அரை மணி நேரம், நானும் அந்த அக்காவும். அவர் சிங்களப் பெயர்களை எடுத்துக்கொள்வார், நான் தமிழ்ப் பெயர்களை.

அந்த அம்மா போன மாதம் பேங்குக்கு வந்திருந்தார். என் கவுண்டர் காலியாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் மூன்றாம் கவுண்டர் வரிசையில் போய் நின்றார். அங்கே புதிதாகச் சேர்ந்த பிள்ளை இருக்கிறாள், தலவாக்கலைப் பக்கம் ஏதோ ஒரு தோட்டம், இன்னும் பயிற்சிக் காலம் முடியவில்லை, நல்ல அடக்கமான பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவள் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

“என்னா சொன்ன?” என்று அந்த அம்மா கேட்டார். பேங்க் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “கேக்கல புள்ள, கடைசியா என்னா சொன்ன? நல்லாச் சொல்லு!”